'அ'வும் 'பட்டா'வும் – தமிழ் முதற்பாடம் நடந்து வந்த வழி

ஒரு மொழியைக் கற்பிக்க முற்படுவோர் முன் நிற்கும் முதல் வினா, எதை முதலில் வைப்பது என்பதாகும். இலக்கணம் வல்லார்க்கு இது ஒரு வினாவே அன்று. எழுத்து முதலில், சொல் அடுத்து, பொருள் அதன்பின் என்பது அவர்தம் வைப்புமுறை. கவிஞர்க்கும் இது வினா அன்று. மொழி அவர்களிடம் முன்னரே வந்து சேர்ந்துவிட்டது. பகலெல்லாம் பட்டாசு ஆலையில் உழைத்துவிட்டு, விரலிடுக்கில் அலுமினியப் பொடியின் மினுக்கம் போகாமலே வந்து பாயில் அமரும் ஒரு பெண்ணின் முன்னால்தான் இது வினாவாகிறது. நம் வட்டத்தின் சார்பில் விஸ்வநத்தத்தில் நடைபெற்றுவரும் மாலை வகுப்பில்தான் நான் இதை உணர்ந்தேன். பத்தாமாண்டு மலருக்குக் கவிதை பற்றியே எழுதித் தருக என மலர்க்குழுவினர் பணித்தனர். அவர்கள் பொறுத்தருள வேண்டும். தமிழின் முதற்பாடம் காலந்தோறும் எவ்வாறு மாறி வந்தது என்பதையே இங்கு எழுதத் துணிகிறேன்.

நம் பகுதியின் கல்வி வரலாற்றைக் காமராசரிலிருந்து தொடங்குவது மேடை வழக்கம். அதற்கு நெடுங்காலம் முன்னரே, நமக்கு அண்மையிலுள்ள திருத்தங்கல்லைச் சிலப்பதிகாரம் அறிந்திருந்தது. கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்லும் கதைகளுள் ஒன்று தங்காலில் நிகழ்கிறது. சேரனிடம் பரிசில் பெற்று மீளும் பராசரன் என்னும் அந்தணன், அவ்வூர் மன்றத்தில் விளையாடும் சிறுவரை அழைத்து, தன்னோடு ஒக்க மறை ஓத வல்லவன் தன் பொதியை எடுத்துச் செல்லலாம் என்கிறான். வார்த்திகன் மகன் தட்சிணாமூர்த்தி, நாத் தளரும் பருவத்தினன் ஆயினும், ஓசை பிழையாமல் ஓதிக்காட்டிப் பொருளைப் பெறுகிறான். இக்கதையைப் பாண்டியன் நீதி தவறித் திருந்தியமைக்குச் சான்றாகவே நாம் வகுப்பில் நடத்துகிறோம். எனக்கோ அது நம் ஊர்ப்பக்கத்துக் கல்வி பற்றிய மிகப் பழைய செய்தியாகத் தோன்றுகிறது. அச்சிறுவன் கற்றது எழுத்தன்று, ஒலி. கண்ணால் கற்கவில்லை, செவியால் கற்றான். கதையின் பிற்பகுதியையும் மறத்தலாகாது. கல்வியால் வந்த அணிகலனைச் சிறுவன் அணிந்தபோது, இது இவர்களுக்கு எங்ஙனம் வந்தது என ஐயுற்றுத் தந்தையைச் சிறையில் இட்டனர். எளிய வீட்டில் கல்வி நுழைந்தால் சுற்றியிருப்போர் கண் உறுத்தும் என்பதை இளங்கோவடிகள் அறிந்திருந்தார் போலும்.

அதே தங்காலைத் தம் பெயரில் தாங்கிய சங்கப் புலவருள் ஒருவர் தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார். தொழில் செய்யும் கையும் பாட்டுக் கட்டும் நாவும் ஓருடம்பில் இருந்தமைக்கு அவர் பெயரே சான்று. இடைக்காலத்தில் அவ்விரண்டும் எங்ஙனமோ பிரிந்துவிட்டன.

பிரிவின் தடத்தை முதற்பாடத்திலேயே காணலாம். திண்ணைப் பள்ளியில் கல்வி அரிச்சுவடியில் தொடங்கியது. ஆசிரியர் கைபிடித்து மணலில் எழுதுவிப்பார். பிள்ளை எழுதும்போதே எழுத்தின் பெயரை உரக்கச் சொல்லும். சட்டாம்பிள்ளை சொல்ல ஏனையோர் திருப்பிச் சொல்வர். பின்னர் எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நிகண்டு எனப் படிப்பு ஏறும். 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அநாதைப் பிள்ளைகள் காப்பகத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு வியந்து, அதனையும் மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பிக்கும் வழக்கத்தையும் தம் காப்பகத்தில் புகுத்தினார். 1797இல் இலண்டனில் அது பற்றி நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் அது பரவியது. மேனாட்டிலிருந்து கல்விமுறையை இறக்குமதி செய்வதே நம் விதி என்று பெருமூச்செறிவோர், ஒருமுறை ஏற்றுமதியும் நடந்தது என்பதை நினைவிற் கொள்ளலாம்.

எனினும் பெருமையோடு நிறுத்திக்கொள்ள இயலவில்லை. மன்றோ 1822இல் தொடங்கிவைத்த கணக்கெடுப்பின் முடிவாக, 1826ஆம் ஆண்டுக் குறிப்பில் சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்ததாகப் பதிவாகியுள்ளது. பெண்பிள்ளைகள் அவற்றில் மிகச் சிலரே. வயலிலும் தறியிலும் பிறர் வீட்டு வாயிலிலும் கிடந்தோர்க்கு அத்திண்ணை உயரமானது. அரிச்சுவடி அ, ஆ என்று தொடங்கியதில் குற்றமில்லை. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று என 247 எழுத்துகளும் ஒலிப்பிறப்பின் நெறிப்படி நிற்கும் வரிசை அது. அறிவியல் வரிசை என்றே சொல்லலாம். ஆனால் அது மொழியை ஆராய்வோனின் வரிசை. 'அ' என்னும் எழுத்தை எழுதிப் பாருங்கள். சுழித்து, வளைத்து, இழுத்து, மேலிருந்து கீழிறக்க வேண்டும். 'ட' இரண்டே கோடு. 'ப' மூன்றே கோடு. முதன்முதலில் எழுதுகோல் பிடிக்கும் முதிர்ந்த விரலுக்கு எது எளிது என்பதை அரிச்சுவடி கேட்டதில்லை. நெடுநாள் கற்கும் வாய்ப்புள்ள பிள்ளைக்கு அக்கேள்வி தேவையும் இல்லை.

கற்போர் யார் என்று கேட்டுப் பாடம் அமைக்கும் வழக்கம் தமிழில் அயலார்க்காகத் தோன்றியது என்பதைச் சற்றுக் கசப்போடுதான் எழுதுகிறேன். வீரமாமுனிவர் செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும், மக்கள் பேசும் கொடுந்தமிழுக்குத் தனியே ஓர் இலக்கணமும் இலத்தீனில் எழுதினார். மக்களோடு பழக வேண்டிய பாதிரிமார்க்குப் பின்னது இன்றியமையாதது என அவர் கண்டார். 1812இல் எல்லிஸ் முயற்சியால் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தோன்றியது. கும்பினியின் இளம் அலுவலர் தென்னாட்டு மொழிகளைக் கற்றுத் தேர்வெழுத வேண்டியிருந்தது. அவர்கள் படிப்பதற்குத் தமிழில் எளிய உரைநடை வேண்டியிருந்தது; தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திரம் 1826இல் வெளிவந்தது அச்சூழலில்தான். சாயர்புரத்தில் பணிபுரிந்த ஜி.யு. போப் 1855இல் வெளியிட்ட தமிழ்க் கைநூல், இலக்கணத்தைச் சிறு சிறு பாடங்களாகப் பகுத்து, பயிற்சியோடு படிப்படியாக ஏற்றிச் சென்றது. நாவலர் வண்ணார்பண்ணையில் 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலை நிறுவிப் பாலபாடங்களைத் தரப்படுத்தி எழுதியது நம்மவர் செய்த பெருமுயற்சி. ஆயினும் அது பள்ளிக்கு வந்த பிள்ளைக்குரியது. ஆள வந்தவனுக்கு அவன் தேவையறிந்து பாடம் எழுதிய நாடு, உழைக்கும் முதியோர்க்கு அவ்வாறு எழுத ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேல் காத்திருந்தது.

இடையில் 1978இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது. ணா, றா, னா முதலிய பதின்மூன்று எழுத்துகள் புதுவடிவு பெற்றன. கற்பிப்போர்க்கு அது பெரிய உதவி. ஆனால் உகர, ஊகார வரிசைகளை அது தொடவில்லை. கு, சு, டு, து, ரு எனத் தனித்தனி உருவங்கள் அப்படியே நின்றன. இதனை இப்போது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். விஸ்வநத்தத்தில் இது திரும்ப வரும்.

முதியோர்க்கான முதற்பாடம் அறிவொளி இயக்கத்தோடு வந்தது. 1988 மே 5 அன்று தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பெற்றது. 1990 பிப்ரவரியில் கேரளத்து எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அவ்வெற்றியின் சூட்டில் தமிழகத்திலும் மாவட்டந்தோறும் அறிவொளி ஏற்றப்பட்டது. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தாரும் எழுத்தாளரும் ஆசிரியரும் மாணவரும் தெருவில் இறங்கினர். புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலாராணி சுங்கத் ஊக்கத்தால் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் கற்றனர். நம் வட்டாரத்தில் பிறந்த எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் தம் அறிவொளி நாள்களை 'இருளும் ஒளியும்' என்னும் நூலாக்கினார். கல்லூரித் தமிழாசிரியராயிருந்த ச. மாடசாமியும் அவ்வியக்கத்தில் தோய்ந்தவரே. வகுப்பறை பற்றிய அவரது 'எனக்குரிய இடம் எங்கே?' என்ற நூலை என் துறை இளையோர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். 1985இல் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்து, 1997இல் விருதுநகர் மாவட்டம் எனப் பெயர் மாறும்வரை காமராசர் மாவட்டம் என வழங்கிய நம் மாவட்டத்திலும் அறிவொளி நடந்தது.

இயக்கம் வகுத்த திட்டம் இது: படிப்படியான மூன்று நூல்கள், ஏறத்தாழ 200 மணி நேரப் பயிற்சி, நூலுக்குள்ளேயே தேர்வு. முடிவில் நிமிடத்திற்கு முப்பது சொல் உரக்கப் படிக்கவும், ஏழு சொல் பார்த்து எழுதவும், ஒன்று முதல் நூறு வரை எண்ணவும் வேண்டும். இவை அளவுகோல்கள். உயிர் வேறிடத்தில் இருந்தது. முதல் நூலின் முதற்பாடம் 'அ'வில் தொடங்கவில்லை. 'பட்டா', 'படி' என்னும் சொற்களில் தொடங்கியது. எளிய கோடுகளாலான எழுத்துகள் என்பது ஒரு நயம். நிலத்தின் பெயரையும் நெல்லளக்கும் கருவியின் பெயரையும் முதலில் வைத்தது அதனினும் பெரிய நயம். இதன் மூலத்தைத் தேடுவோர் பிரேசிலுக்குச் செல்வர். பாவ்லோ பிரையர் 1963இல் அந்நாட்டு வடகிழக்கில் அங்கிகோஸ் என்னும் ஊரில் ஏறத்தாழ முந்நூறு உழைப்பாளர்க்கு நாற்பது மணி நேரத்தில் எழுத்தறிவிக்க முயன்றார். கற்போர் வாழ்விலிருந்து எடுத்த சொல்லை அசையசையாகப் பிரித்து, அவ்வசைகளால் புதுச்சொற்களை அவர்களே ஆக்கச் செய்வது அவர் முறை. செங்கல் என்னும் சொல் அவர் கையில் புகழ்பெற்ற பாடமாயிற்று. மறு ஆண்டு வந்த இராணுவ ஆட்சி அவரைச் சிறையிட்டது. பின்னர் அவர் நாடு நீங்கினார். முதற்பாடத்தை ஓர் ஆட்சி அஞ்சிய வரலாறு அது.

விஸ்வநத்தத்தில் எங்கள் தெருவில் நடந்த அறிவொளி வகுப்பில் என் தாயார் அமர்ந்திருந்தார். நான் பன்னிரண்டு வயதுச் சிறுமி. அரிக்கேன் விளக்கின் திரியைத் தூண்டுவது என் வேலை. பகலில் தீப்பெட்டி ஒட்டும் பெண்கள், பட்டாசு ஆபீசில் சரம் பின்னும் பெண்கள். (நம் பக்கத்தில் ஆலையை எவரும் ஆலை என்பதில்லை, தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ் என்பதே வழக்கு.) தொண்டராக வந்த கல்லூரி மாணவர் பலகையில் 'பட்டா' என்று எழுதினார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா சிரித்துவிட்டார். "பட்டாவுக்கு நாங்க எங்கய்யா போக? இருக்கிறது நத்தம் பொறம்போக்கு" என்றார். நத்தம் என்பது குடியிருப்பு நிலம். எங்கள் ஊர்ப்பெயரிலேயே அது இருக்கிறது. தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் நெஞ்சைத் தொடும் சொல், மானாவாரியும் கரிசலும் பொய்த்தபின் ஆபீசை நம்பி வாழும் எங்களுக்குக் காகிதச் சொல்லாயிருந்தது. அப்போது என் தாயார், "தம்பி, அதோட ஒரு சு போட்டா எங்க பொழப்பு வந்துரும்" என்றார். 'சு' அந்நூலில் வெகு தொலைவில் இருந்த எழுத்து. தொண்டர் ஒரு கணம் தயங்கி, நூலை மூடிவிட்டு, 'சு'வைப் பலகையில் எழுதினார். 'பட்டாசு' என்று பத்துப் பன்னிரண்டு பெண்கள் ஒரே குரலில் படித்தனர். அன்றிரவு என் தாயார் தீப்பெட்டி ஒட்டும் பசையைத் தொட்டுத் தரையில் 'சு' எழுதிப் பார்த்ததை நான் கண்டேன்.

ஆனால் கணக்குப் பாடத்தில் வகுப்பு தடுமாறியது. நூறு வரை எண்ணுவதே இலக்கு என்றபோது பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். 144 கொண்டது ஒரு குரோசு. எத்தனை குரோசுக்கு எவ்வளவு கூலி என்பதை அவர்கள் மனத்தில் கணக்கிட்டுப் பழகியவர்கள். அவர்கள் அறியாதது எண்ணன்று. சம்பள நோட்டில் அது எழுதப்படும் முறை. பாடத்திட்டம் கற்போரின் அறியாமையை அளக்கிறது, அறிவை அளப்பதில்லை என்ற குறை இன்றைய பல்கலைக்கழகப் பாடத்திட்டம் வரை தொடர்கிறது. மூன்றாம் நூலின் பாதியில் என் தாயார் நின்றுவிட்டார். அவ்வாண்டு தீபாவளி வேலை மும்முரமாயிருந்தது. வளர்கல்வி மையம் பின்னர் வந்தது, அவர் போகவில்லை.

குழந்தைத் தொழிலாளர்க்கான தேசியத் திட்டம் 1988இல் தொடங்கியபோது சிவகாசி அதில் இடம்பெற்றது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அபாயத் தொழிலில் சிறுவரை அமர்த்திய ஒவ்வொரு நேர்வுக்கும் உரிமையாளர் ரூ.20,000 செலுத்த வேண்டும் என்று அது பணித்தது. வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகள் சிறப்புப் பள்ளிகளுக்கு வந்தனர். பட்ட வகுப்பில் படித்த நாளில் அத்தகைய பள்ளியொன்றில் சில மாதம் உதவினேன். பன்னிரண்டு வயதுச் சிறுமியொருத்தியிடம் முதல் வகுப்புப் பாடநூலைக் கொடுத்தோம். நாய்க்குட்டிப் பாட்டைக் கண்டதும் நூலை மூடிவைத்துவிட்டாள். நான்காண்டு கூலி வாங்கி வீட்டுக்கு அரிசி வாங்கியவள் அவள். அவளுக்குரிய முதற்பாடத்தை எவரும் எழுதியிருக்கவில்லை. எனக்கும் எழுதத் தெரியவில்லை. அவள் முகம் என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் எங்கும் இல்லை. அத்திட்டம் 2021-22இல் நிறுத்தப்பட்டு ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தோடு இணைக்கப்பட்டது.

இவ்வளவும் அறிந்த பின்னும் நான் பிழை செய்தேன். வட்டம் தொடங்கிய இரண்டாம் ஆண்டில் மாலை வகுப்பு முடிவாயிற்று. பாடத்தை வகுக்கும் பொறுப்பை ஏற்றேன். அகல், ஆம்பல், இயல், ஈகை என அழகிய தமிழ்ச் சொற்களால் அறுபது பாடம் எழுதி, 'ஆபீசை'த் 'தொழிற்கூட'மாக்கி, 'போர்மேனை' 'மேற்பார்வையாள'ராக்கி, பெருமிதத்தோடு கொண்டுவந்தேன். மூன்றாம் வாரத்தில் பாய் பாதி வெறிச்சோடியது. காரணம் கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா யாரோ வீட்டுல உக்காந்திருக்க மாதிரி இருக்கு" என்றார் ஒருவர்.

பிறகு ஒரு மாதம் கற்பிப்பதை விடுத்துக் கேட்டேன். திரி, மருந்து, குழாய், ரூம், சல்லடை, குரோசு எனக் குறிப்பேடு நிரம்பியது. இச்சொற்களைக் கொண்டு எழுத்து வரிசையை அமைக்க முற்பட்டபோது ஒரு சிக்கல் எழுந்தது. பட்டாசு, மருந்து, குரோசு என எங்கள் முதற்சொற்கள் எல்லாம் உகரத்தில் முடிந்தன. எந்த முறையிலும் பிற்பகுதியில் வைக்கப்படும் அவ்வரிசை, 1978இன் சீர்திருத்தமும் எளிமையாக்காத அவ்வரிசை, இங்கே தொடக்கத்திலேயே வேண்டியிருந்தது. அஞ்சியபடியே வைத்தேன். அவர்கள் அஞ்சவில்லை. தெரிந்த சொல்லின் கடினமான எழுத்து, தெரியாத சொல்லின் எளிய எழுத்தைவிட விரைவில் பிடிபடுகிறது என்பதை இங்குதான் கண்டேன்.

சொல் குறித்த என் வைராக்கியம் முற்றிலும் உடைந்தது எச்சரிக்கைப் பலகையில். மருந்துக் கலவை அறையில் இரும்புக் கருவி கூடாது, நால்வருக்கு மேல் கூடாது, உராய்வு கூடாது. விபத்துச் செய்திகளில் நாம் அன்றாடம் படிக்கும் சொல் 'உராய்வு'. அது நல்ல தமிழ். வகுப்பில் அப்பலகையைப் படித்துக்காட்டிப் பொருள் கேட்டேன். இருபதாண்டு மருந்து செலுத்திய ஒரு பெண்மணி எழுத்துக்கூட்டி அச்சொல்லைத் தவறின்றிப் படித்தார்; பொருள் மட்டும் தெரியவில்லை. 'உரசல்' என்றதும், "உரசக் கூடாதுன்னு எங்களுக்குத் தெரியாதா?" என்று சினந்தார். சினம் நியாயமானது. அவருக்குத் தெரியும், அடுத்த மாதம் புதிதாக வேலைக்கு வரும் அவர் மருமகளுக்கு யார் சொல்வார்? இன்று எங்கள் பாடத்தில் 'உரசாதே' முதலில். 'உராய்வு' நான்கு பாடம் தள்ளி, இரண்டும் ஒன்றே என்னும் குறிப்போடு. தூய தமிழ் அன்பர்கள் என்னைக் கடிந்துகொள்ளலாம். எனக்கு வருத்தமில்லை.

திருத்தம் ஒருமுறையோடு முடியவும் இல்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியம் கலந்த பட்டாசுக்கும் தடை விதித்தது. எங்கள் ஏழாம் பாடம் 'சரம்'. அதனை நீக்குவதா என்று வகுப்பில் கேட்டேன். வேலை போன பெண்கள் இருந்தனர். நெடுநேரம் எவரும் பேசவில்லை. பாடத்தை நீக்கவில்லை, 'பூச்சரம்' என்னும் சொல்லும் 'தடை' என்னும் சொல்லும் அதனுடன் சேர்ந்தன. வகுப்பின் காலத்தையும் மாற்றினோம். ஆனியில் பள்ளி திறக்கும்போது தொடங்கிய முதலாண்டு, ஆடிப்பெருக்கிற்குப் பின் வேலை ஏறியதும் சிதைந்தது. இப்போது தீபாவளி கழிந்து ஆபீசுகள் அடைத்துக் கிடக்கும் வாரங்களில் தொடங்குகிறோம்.

சென்ற தை மாதம் ஒரு மாலை, வகுப்பு முடிந்து பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் அமரும் அக்கா ஒருவர் முந்தானையில் மடித்திருந்த தாளை எடுத்து நீட்டினார். அவர் வீட்டு மனைக்கு வந்த நத்தம் பட்டா. "சு படிச்சாச்சு டீச்சர். இத எப்பச் சொல்லித் தருவீங்க?" என்றார். இருவரும் விளக்கடியில் அமர்ந்தோம். அவர் பெயரை அவரே படித்தார். கணவர் பெயரையும் ஊர்ப்பெயரையும் படித்தார். புல எண் என்பதை எழுத்துக்கூட்டினார். 'உட்பிரிவு' என்னுமிடத்தில் நின்று என்னைப் பார்த்தார். அச்சொல்லை எளிய தமிழில் விளக்க எனக்கும் சற்று நேரம் ஆயிற்று. புதிய பதிப்பில் அதற்கு ஒரு பாடம் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவர் அனுமதியோடு, அவர் தாளில் உள்ள வரிசையிலேயே.